வேலூரில் பழைய கார் வாங்கி, வேலை பார்த்து விற்கும் தொழில்: கையில் 4 லட்சம் இருக்கு, இறங்கலாமா?

சத்துவாச்சாரி மெக்கானிக்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 34 வயசு. 13 வருசமா ஹைவே சர்வீஸ் ரோட்டுல ஒரு ஷெட்டுல வேலை பார்க்கிறேன். இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் தனியா இறக்கி ஏத்திடுவேன். வயரிங் ஓரளவு தெரியும். டிங்கரிங், பெயிண்டிங் தெரியாது.

எங்க ஷெட்டுக்கு கன்சல்டிங்காரங்க, அதாவது பழைய வண்டி வாங்கி விக்கிறவங்க, வண்டி கொண்டு வருவாங்க. நாலு நாள் அதுகூட மல்லுக்கட்டி சரி பண்ணிக் கொடுப்பேன். எனக்குக் கூலி 3,000 கிடைக்கும். அடுத்த வாரம் அதே வண்டி 40,000 லாபத்துக்குப் போச்சுன்னு காதுல விழும். அவங்க மேல பொறாமை இல்ல, பணம் போட்டவங்க எடுக்கிறாங்க. நாமளும் ஏன் பண்ணக் கூடாதுன்னு ரெண்டு வருசமா மனசுல ஓடிட்டே இருக்கு.

வீட்டுக்காரம்மா எடுத்த சீட்டுப் பணம் ஒன்றரை லட்சம், என் சேமிப்பு ரெண்டரை லட்சம், ஆக 4 லட்சம். தொரப்பாடி பக்கம் மாமாவோட தகர ஷெட் ஒண்ணு சும்மா கிடக்கு. மூணு வண்டி நிக்கும், வாடகை 6,000. முதல்ல எந்த வண்டி எடுக்கலாம், எங்க எடுக்கலாம், லைசென்ஸ் ஏதும் வேணுமா? தொழில்ல இருக்கிறவங்க சொல்லுங்க.

பாகாயம் கன்சல்டிங்

தம்பி, 18 வருசமா இதே தொழில்ல இருக்கேன். உன்னை மாதிரி கை வேலை தெரிஞ்சவன் வர்றது நல்லது. எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, அதனாலேயே நிறைய இழந்திருக்கேன்.

ஆனா ஒண்ணு மனசுல வெச்சுக்கோ. மெக்கானிக்குங்க இந்தத் தொழில்ல விழுறது ரிப்பேர்ல இல்ல, வாங்குற விலையில. "இதெல்லாம் நானே பார்த்துப்பேன், என்ன பெரிய செலவு"ன்னு நினைச்சு 15,000 கூடக் கொடுத்துடுவாங்க. மார்க்கெட் உன் உழைப்பைப் பார்க்காது. அதே வருசம், அதே மாடல், அதே கிலோமீட்டர் வண்டி பக்கத்துல என்ன விலைக்கு நிக்குதோ அதுதான் உனக்கும். அதனால விக்கிற விலையிலேர்ந்து பின்னாடி கணக்குப் போட்டு வா. 2,40,000 போகும்னு தெரிஞ்சா, அதுல செலவு 35,000, உனக்கு 30,000 கழிச்சு மிச்சம் 1,75,000. அதுக்கு மேல ஒரு ரூபா கேட்டாலும் கும்பிட்டுட்டு வந்துடு.

நாலு லட்சத்தையும் ஒரே நாள்ல வண்டியில போட்டுடாத. ஒரு வண்டி போதும். 50,000 ரூபாயை யார் கேட்டாலும் எடுக்காத பணமா ஓரமா வை. இன்ஜின் திறந்த பிறகு ஹெட் கேஸ்கெட் போயிருந்தா அந்தப் பணம்தான் உன்னைக் காப்பாத்தும். வட்டிக்கு வாங்கி மட்டும் வண்டி எடுக்காத. ரெண்டு மாசம் நின்னா வட்டியே லாபத்தைத் தின்னுடும்.

எங்க எடுக்கிறதுன்னு கேட்ட. நம்ம மாவட்டத்துக்குன்னு ஒரு கொடுப்பினை இருக்கு, பட்டாளத்துக்காரங்க. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டைன்னே சொல்றோம் இல்லையா, அந்தப் பக்கம், அணைக்கட்டு, ஒடுகத்தூர்னு வீட்டுக்கு ஒருத்தர் சர்வீஸ்ல இருக்கிற ஊருங்க நிறைய. வருசத்துக்கு 60 நாள் லீவுல வருவாங்க, அப்ப ஓட்ட ஒரு கார். மிச்ச பத்து மாசம் வேப்பமரத்தடியில தார்ப்பாய் போத்திக் கிடக்கும். கிலோமீட்டர் நிஜமாவே கம்மி. ஆனா நின்ன வண்டிக்குன்னு தனி நோவு உண்டு. பேட்டரி செத்திருக்கும், எலி வயரைக் கடிச்சிருக்கும், பின் பிரேக் டிரம் பிடிச்சிருக்கும், டயர் ஒரே இடத்துல அழுந்திக் கெட்டியாகியிருக்கும். இந்த நோவெல்லாம் உன் கைக்கு அடங்குறது. எனக்கு அடங்காதது. அங்கதான் உனக்கு வாய்ப்பு.

அவங்ககிட்ட ஒண்ணு பார்த்துக்கோ. போஸ்டிங்ல இருந்த ஊர்ல பதிவு பண்ணின வண்டியா இருந்தா அந்த மாநிலத்து என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று வேணும், அது படிவம் 28. அப்புறம் இங்க வண்டி வயசுக்குத் தகுந்த லைஃப் டாக்ஸ். முதல் வண்டி டி.என். 23, இல்லன்னா 73, 83ன்னு நம்ம பக்கத்து நம்பராவே இருக்கட்டும்.

ராணிப்பேட்டை 73

நான் வேற மாதிரி சொல்றேன். சின்ன பெட்ரோல் வண்டியில என்ன கிடைக்கும், 20,000, 30,000. டீசல் ஸ்விஃப்ட் எடுங்க ப்ரோ. மாருதி 2020 ஏப்ரலோட டீசலையே நிறுத்திட்டாங்க, அதனால நல்ல டீசல் வண்டிக்கு கிராக்கி குறையல. வாலாஜா, சோளிங்கர் பக்கம் டிராவல்ஸ் ஓட்டுறவங்க, சிப்காட் போய் வர்றவங்க தேடிட்டு இருக்காங்க. டெல்லியில பத்து வருசம் தாண்டின டீசல் வண்டிக்குக் கெடுபிடி வந்ததால அங்கேர்ந்து குறைஞ்ச விலையில லாரியில ஏத்தி வந்தாங்க. ஒரு வண்டி எடுத்தாலும் 60,000 நிக்கும்.

ஜோலார்பேட்டை டிரைவர்

ராணிப்பேட்டை நண்பரே, அந்த 1.3 டீசல் இன்ஜினை நான் மூணு லட்சம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கேன், அருமையான இன்ஜின். ஆனா ஆயில் காலத்துல மாத்தலன்னா டைமிங் செயின் தொய்ஞ்சுடும். காலையில முதல் ஸ்டார்ட்டுல கரகரன்னு ஒரு சத்தம் வரும். டர்போ, இன்ஜெக்டர் ரெண்டுல எது போனாலும் முதல் தடவை இறங்குறவரோட முதலீட்டுல கால்வாசி காலி. சின்ன பெட்ரோல்தான் அவருக்குச் சரி.

மெக்கானிக் அண்ணா, வண்டி பார்க்கப் போறப்ப முன்னாடியே ஃபோன் பண்ணி "ஸ்டார்ட் பண்ணாதீங்க, நான் வந்து பண்றேன்"னு சொல்லிடுங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா உங்களுக்காக ஏற்கெனவே ஓட்டி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். அப்புறம் மத்தியான வெயில்ல ஏசி போட்டு அரை மணி நேரம் நின்ன இடத்துலயே ஓட விடுங்க. நம்ம ஊரு கத்திரி வெயிலைத் தாங்காத ரேடியேட்டரும் கண்டென்சரும் அந்த அரை மணியில காட்டிக் கொடுத்துடும். எனக்குச் சந்தேகம்னா ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவும் ஏறிடுவேன். கிளட்ச் வழுக்குதான்னு மூணாவது வளைவுலயே தெரிஞ்சுடும்.

குடியாத்தம் டிங்கர்

டிங்கரிங் தெரியாதுன்னு தம்பி எழுதியிருக்கே, அதுக்குத்தான் இந்தப் பதிவு. செய்யத் தெரியலன்னாலும் பார்க்கத் தெரியணும். இன்ஜின் போனா மாத்திக்கலாம். அடிபட்டு முறுக்கின பாடியை வாங்கிட்டா அதை யார் தலையிலயாவது கட்டினாத்தான் பணம் வரும். அந்தப் பாவம் வேணாம்.

முதல்ல கண்ணாடி பாருபா. எல்லாக் கண்ணாடியிலயும் ஓரத்துல கம்பெனி பேரும் தயாரிச்ச வருசக் குறியும் இருக்கும். நாலு ஒரே மாதிரி, ஒண்ணு மட்டும் வேற வருசம்னா அந்தப் பக்கம் ஏன் மாத்தினாங்கன்னு கேளு. அடுத்து பானெட், ஃபெண்டர், கதவு போல்ட்டு. கம்பெனியில போல்ட்டு மேலயும் சேர்த்துத்தான் பெயிண்ட் அடிப்பான். ஸ்பேனர் பட்டு முனை உரிஞ்சிருந்தா கழட்டியிருக்கான்னு தெரிஞ்சுக்கோ.

கதவு ரப்பரை இழுத்துட்டு பில்லரைத் தடவு. கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வட்டப் பொட்டு வெச்ச மாதிரி சம தூரத்துல குழி குழியா இருக்கும். அது இல்லாம வழவழன்னு இருந்தா உள்ள பட்டி பூசியிருக்கான். டிக்கியில ஸ்டெப்னியைத் தூக்கித் தரையைப் பாரு. பின்னாடி இடி வாங்கின வண்டி எத்தனை பெயிண்ட் அடிச்சாலும் அங்க மடிப்பு தெரியும். முன்னாடி அப்ரான், ரேடியேட்டர் பட்டை ரெண்டும் அப்படித்தான். முடிஞ்சா பெயிண்ட் கனம் பார்க்கிற மீட்டர் ஒண்ணு வாங்கிக்கோ. கம்பெனி பெயிண்ட்டு பெரும்பாலும் 90லேர்ந்து 150 மைக்ரானுக்குள்ள காட்டும். 200 தாண்டினா மறு பெயிண்ட். 500, 600 காட்டினா உள்ள பட்டிதான்.

சென்னை வண்டின்னா ரெண்டு விசயம். கடலோரம் நின்னதா இருந்தா அடிப்பக்கம் துரு, கண்டிப்பா லிஃப்ட்ல ஏத்திப் பாரு. இன்னொண்ணு வெள்ளம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் ரெண்டு தடவையும் முங்கின வண்டிங்க கழுவித் துடைச்சு நம்ம பக்கமும் வந்துச்சு. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாரு, முனையில மண் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியில ரெயில்ல துரு, தரை விரிப்புக்கு அடியில வண்டல், ஃபியூஸ் பாக்ஸ்ல பச்சை பூத்த பின்னு. வண்டி அன்னைக்கு நல்லாத்தான் கீது, ஆறு மாசம் கழிச்சு ஒவ்வொண்ணா சாவும்.

பெயிண்ட் வேலை வந்தா முழு வண்டிக்கு அடிக்காதே. புதுசா பளபளன்னு நிக்கிற பத்து வருச வண்டியைப் பார்த்தா வாங்குறவனுக்குச் சந்தேகம்தான் வரும். கீறல் இருந்தா கீறலோட, பாலிஷ் மட்டும் போட்டு விடு.

காட்பாடி ஆடிட்டிங்

லைசென்ஸ் பத்தி கேட்டிருந்தீங்க. மோட்டார் வாகன விதிகள்ல 2022 டிசம்பர்ல திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1லேர்ந்து பழைய வண்டி டீலருக்கும் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வேணும்னு ஆயிடுச்சு. விண்ணப்பம் 29ஏ, கிடைக்கிற சான்று 29பி, செல்லுபடி 5 வருசம். ஒருத்தர் உங்ககிட்ட வண்டியை விக்கக் கொடுத்ததும் 29சி மூலமா ஆன்லைன்ல தெரிவிக்கணும். அந்த நிமிசத்துலேர்ந்து சட்டப்படி வண்டிக்கு நீங்கதான் உரிமையாளரா கருதப்படுவீங்க. அதுக்கப்புறம் நடக்கிற எதுக்கும் நீங்க பொறுப்பு. வண்டியை சோதனை ஓட்டம், பெயிண்ட், ரிப்பேர், எஃப்.சி. மாதிரி வேலைக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம். ஒவ்வொரு பயணத்தையும் பதிவேட்டுல ஏத்தணும். கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போக முடியாது.

ஜி.எஸ்.டி. விசயத்துல பலரும் தப்பாப் புரிஞ்சிருக்காங்க. 2025 ஜனவரி 16லேர்ந்து சின்ன கார், பெரிய கார், எலக்ட்ரிக் எல்லாத்துக்கும் ஒரே விகிதம் 18 சதவீதம். முழு விலைக்கு இல்ல, வாங்கின விலைக்கும் வித்த விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும். அதுவும் ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறவருக்குத்தான். நஷ்டத்துக்கு வித்தா வரி இல்ல. ஆனா ரிப்பேர் செலவை அந்த வித்தியாசத்துலேர்ந்து கழிக்க முடியாது. 1,60,000க்கு எடுத்து 22,000 செலவு பண்ணி 2,10,000க்கு வித்தா, வித்தியாசம் 50,000தான், 28,000 இல்ல. விலைக்குள்ள வரி அடக்கம்னா 7,627 ரூபாய் கட்டணும். கையில நிக்கிறது 20,373.

பொருள் மட்டும் விக்கிறவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினாத்தான் பதிவு. ஆனா நீங்க அடுத்தவங்க வண்டிக்கும் கூலிக்கு வேலை பார்ப்பீங்க, அது சேவை. ரெண்டும் சேர்ந்தா வரம்பு 20 லட்சம்தான். ரெண்டு லட்ச ரூபா வண்டி பத்து வித்தா அங்க வந்துடுவீங்க. முதல் நாள்லேர்ந்தே நோட்டுப் போட்டு எழுதி வைங்க.

பணம் பத்தலன்னா மாவட்டத் தொழில் மையத்துல பி.எம்.இ.ஜி.பி.ன்னு மத்திய அரசோட மானியக் கடன் திட்டம் இருக்கான்னு கேளுங்க. சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரைக்கும் திட்டச் செலவு, பொதுப் பிரிவுக்கு நகரத்துல 15 சதவீதம், கிராமத்துல 25 சதவீதம் மானியம். வண்டி வாங்கி விக்கிறதுக்குன்னு கேட்காம, லிஃப்ட், ஸ்கேனர், ஏசி காஸ் மெசினோட சேர்த்து சர்வீஸ் ஷெட்டாப் போடுங்க.

சத்துவாச்சாரி மெக்கானிக்

இவ்வளவு விவரமா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. டிங்கர் அண்ணன் சொன்ன போல்ட்டு விசயத்தை இன்னைக்கே ஷெட்டுல நாலு வண்டியில பார்த்தேன், ஒண்ணு மாட்டிச்சு.

ஒரு சந்தேகம். எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் பேர் மாத்துற 29, 30 படிவத்துல விக்கிறவர்கிட்ட வெறுமனே கையெழுத்து மட்டும் வாங்கி வெச்சுக்கிறாங்க. தேதியும் பேரும் போடுறதில்ல. யார் வாங்குறாங்களோ அவங்க பேரை நேரா எழுதிக்கலாம், ஓனர் எண்ணிக்கை ஒண்ணு ஏறாது, விலை குறையாதுங்கிறாங்க. நாமளும் அப்படியே பண்ணலாமா?

சேண்பாக்கம் டீச்சர்

நான் தொழில்ல இல்ல. இந்தக் கேள்வியைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

எங்க வீட்டுக்காரர் எங்களோட பழைய காரை இப்படித்தான் கொடுத்தார். வெற்றுப் படிவத்துல கையெழுத்து, பணம் கைக்கு வந்தது, வண்டி போனது, நாங்களும் மறந்துட்டோம். ஒன்றரை வருசம் கழிச்சு மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துலேர்ந்து தபால் வந்தது. வண்டி அதுக்குள்ள மூணு கை மாறியிருந்தது. ஓட்டினவர் யாருன்னே எங்களுக்குத் தெரியாது. வண்டிக்கு அன்னைக்கு இன்சூரன்ஸ் இல்ல. ஆர்.சி. புத்தகத்துல பேர் மட்டும் எங்க வீட்டுக்காரர் பேர். அடிபட்டவர் கூலி வேலைக்குப் போறவர், கால் போயிடுச்சு. அவருக்கு நியாயம் கிடைக்கணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா அந்தப் பணம் எங்க பொண்ணு படிப்புக்கு வெச்சிருந்தது.

வக்கீல் சொன்னார், 2018ல உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்குல தெளிவாச் சொல்லிடுச்சு, வண்டி எத்தனை கை மாறினாலும் பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் உரிமையாளர், அவர்தான் பொறுப்புன்னு. எங்ககிட்ட வாங்கினவர் கெட்டவர் இல்ல, தம்பி. அவரும் உங்களை மாதிரி தொழில் ஆரம்பிச்சவர்தான். "ரெண்டு நாள்ல மாத்திடறேன்"னு சொன்னவர்.

ஒரு மெக்கானிக் என்கிட்ட வண்டி கேட்டு வந்து, "அம்மா, நீங்களே ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாங்க, உங்க முன்னாடியே பேர் மாத்துறேன்"னு சொன்னா 10,000 குறைச்சே கொடுப்பேன். வாங்குறப்பவும் அப்படித்தான். என்னென்ன மாத்தினீங்க, என்ன மாத்தலன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவர்கிட்ட கூடக் கொடுத்து வாங்குவேன்.

பாகாயம் கன்சல்டிங்

டீச்சரம்மா எழுதினதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. நானும் ஆரம்பத்துல அப்படிப் பண்ணியிருக்கேன். நிறுத்தி ஒன்பது வருசம் ஆச்சு.

தம்பி, மாநிலத்துக்குள்ள வித்தா, விக்கிறவர் 14 நாள்ல ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும்னு சட்டமே இருக்கு. உனக்கு அங்கீகாரம் வர்ற வரைக்கும் ஒரு வழி சொல்றேன். வண்டியை வாங்காதே. ஓனர்கூட விலை பேசி, ஒப்பந்தம் எழுதி, கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து உன் ஷெட்டுல நிறுத்து. இன்சூரன்ஸ் உயிரோட இருக்கணும். நீயும் ரோட்டுல சுத்தாதே. வேலையை முடி, ஆள் வந்ததும் ஓனரையும் வாங்குறவரையும் நேருக்கு நேர் உட்கார வெச்சு, அவர் பேர்லேர்ந்து இவர் பேருக்கு நேரா மாத்து. ஓனர் எண்ணிக்கையும் ஏறாது, யாருக்கும் வில்லங்கமும் இல்ல. கடன் இருந்த வண்டின்னா, கடன் முடிஞ்சதைப் பதிவுலேர்ந்து நீக்குற படிவம் 35ம் ஃபைனான்ஸ் என்.ஓ.சி.யும் கைக்கு வராம அட்வான்ஸே கொடுக்காதே. கட்டாத அபராதம் ஏதும் நிக்குதான்னு பரிவாகன் வெப்சைட்ல பார்த்துடு. வாங்குறவர்கிட்டயும் சொல்லிடு, இன்சூரன்ஸை 14 நாள்ல அவர் பேருக்கு மாத்தணும், பழைய ஓனரோட நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் பண்ணாததுக்குக் கிடைக்கிற தள்ளுபடி, அவருக்கு வராது.

சத்துவாச்சாரி மெக்கானிக்

ரெண்டு மாசம் ஆச்சு. சொன்னபடி திரும்பி வந்து கணக்கு போடுறேன்.

பாகாயம் அண்ணன் சொன்ன மாதிரியே கம்மவான்பேட்டை பக்கம் ஒரு பட்டாளத்து அண்ணன் வண்டி. 2013 வேகன் ஆர், பெட்ரோல், டி.என். 23, ஒரே ஓனர், 48,000 கிலோமீட்டர். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங், சர்வீஸ் பில் எல்லாம் அந்தக் கிலோமீட்டருக்குப் பொருந்திச்சு. பத்து மாசமா நின்ன வண்டி. அவர் 2,00,000 சொன்னார். விக்கிற விலையிலேர்ந்து கணக்குப் போட்ட தாளை அவர் முன்னாடியே வெச்சேன். 1,75,000க்கு ஒத்துக்கிட்டார், 60,000 அட்வான்ஸ், மிச்சம் வித்த அன்னைக்கு. அவருக்கு லீவு 60 நாள், அதுல 12 நாள் ஏற்கெனவே போயிருந்தது. லீவு முடியறதுக்குள்ள விக்கணும், இல்லன்னா கையெழுத்துக்கு ஆள் இல்ல. அந்தப் பயத்துல ராத்திரி தூக்கமே சரியா இல்ல.

செலவு: பேட்டரி 4,200. டயர்ல 2317ன்னு இருந்தது, அதாவது 2017ல 23வது வாரம், வெடிப்பு விட்டிருந்தது, நாலும் மாத்தினேன், 13,200. எலி கடிச்ச வயரிங் 2,500. பின் பிரேக் ஷூ, வீல் சிலிண்டர் 2,800. ஏசி கண்டென்சர், காஸ் 6,500. ஆயில், ஃபில்டர், கூலன்ட் 2,800. உள் சுத்தம், பாலிஷ் 2,500. மொத்தம் 34,500. பேர் மாத்த 2,500. டயருக்குப் பதிலா பழசு போட்டிருந்தா 8,000 மிச்சமாகியிருக்கும், மனசு வரல.

முதல்ல வந்த நாலு பேரும் 2,20,000க்கு மேல ஏறல. 37வது நாள் ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கிற ஒரு அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் வந்தாங்க. டீச்சரம்மா சொன்ன தாளை எழுதிக் கொடுத்தேன். மாத்தினது ஏழு வரி, மாத்தாதது மூணு வரி: இடது பின் கதவுல கீறல், முன் ஷாக் அப்சார்பர் இன்னும் ஒரு வருசம்தான் வரும், டிரைவர் பக்கப் பவர் விண்டோ மெதுவா ஏறும். அந்த அக்கா அதை ரெண்டு தடவை படிச்சுட்டு 2,42,000க்குச் சரின்னாங்க. பட்டாளத்து அண்ணனும் அவங்களும் ஒரே நாள்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டாங்க.

எல்லாம் போக 30,000. ரெண்டு மாச வாடகை 12,000 கழிச்சா 18,000. ஷெட்டு வேலையை விடல, சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும்தான் இதைப் பார்த்தேன். 29ஏ விண்ணப்பம் போட்டாச்சு.

அந்த அண்ணன் ரயில் ஏறுறதுக்கு முன்னாடி அவர் கூட்டாளி ஒருத்தர் நம்பர் கொடுத்துட்டுப் போனார். ஒடுகத்தூர்ல ஒரு ஐ10 நிக்குதாம், 2012, 1.1 இன்ஜின். அதுல டைமிங் பெல்ட் கடைசியா எப்ப மாத்தினாங்கன்னு வீட்டுல யாருக்கும் தெரியல. இதை வாங்குறதுக்கு முன்னாடியே புது பெல்ட் விலையையும் கணக்குல சேர்த்துப் பேசலாமா?

குடியாத்தம் டிங்கர்

பெல்ட்டு, டென்ஷனர், வாட்டர் பம்பு மூணையும் சேர்த்தே பேசு. ஞாயித்துக்கிழமைன்னா சொல்லு, நானும் மீட்டரை எடுத்துனு ஒடுகத்தூர் வரேன். டிக்கியை நான் பார்த்துக்கிறேன், இன்ஜினை நீ பாரு.